குணம்: சொல்லும் சட்டமும்

குணம் (பெயர்ச்சொல்): பண்பு, இயல்பு, தன்மை. வடமொழியிலிருந்து வந்தது; அங்கே இழை, வில்லின் நாண், தன்மை ஆகிய பொருள்கள் உண்டு. திருக்குறளிலேயே இடம்பெற்ற பழஞ்சொல். பேச்சு வழக்கில் நோய் தீர்வதையும் குறிக்கும்.

சட்டத்தில் இதன் எல்லை இன்னும் துல்லியமானது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், ஒருவரைப் பற்றி ஊரார் கொண்டுள்ள மதிப்பையும் அவருடைய இயல்பான மனப்பாங்கையும் சேர்த்தே குணம் என்றது. இவற்றைப் பொதுவாகச் சொல்லலாம். முந்தைய தண்டனை தவிர, தனித்தனிச் செயல்களைச் சான்றாக அடுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டமும் இதையே பின்பற்றுகிறது.

உரிமையியல் வழக்கில் 'இவர் இப்படிப்பட்டவர், ஆகவே இதைச் செய்திருப்பார்' என்ற வாதம் செல்லாது. இழப்பீட்டுத் தொகையைப் பாதிக்குமானால் குணம் கணக்கில் வரும். குற்ற வழக்கிலோ, குற்றம் சாட்டப்பட்டவர் தம் நற்குணத்தைக் காட்டலாம். அவர் காட்டிய பிறகே, அதற்கு மறுப்பாக, அரசுத் தரப்பு தீய குணத்தை எடுத்துவைக்கலாம். தீய குணமே வழக்கின் பிரச்சினையாக இருந்தால் இத்தடை இல்லை. பாலியல் குற்ற வழக்குகளில், சம்மதம் பற்றிய கேள்விக்குப் பாதிக்கப்பட்டவரின் குணமோ முந்தைய பாலுறவு அனுபவமோ பொருட்டல்ல என்று 2013இல் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது.

கெட்ட பெயர் எடுத்தவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்க இந்த வரம்புகள் இன்றியமையாதவை.