நக்கல்

நக்கல் என்பது ஒருவருடைய பேச்சையோ நடத்தையையோ நேராகக் கண்டிக்காமல், சிரிப்புக்கு இடமாக்கிக் குத்திக்காட்டுவதைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். ஒருவரைப் போலவே பேசிக் காட்டியும் நடந்து காட்டியும் எள்ளுவதும் இதில் அடங்கும். தமிழ்நாடு முழுக்க வழங்கும் சொல்தான் என்றாலும், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஊர்கள் அடங்கிய கொங்கு வட்டாரத்தின் சொத்தாகவே இது பேசப்படுகிறது. குசும்பு, லொள்ளு இரண்டும் இதற்கு நெருங்கிய உறவு. கேலி, கிண்டல், பகடி, நையாண்டி, எகத்தாளம் ஆகியவை சற்றுத் தூரத்து உறவு.

சொற்பிறப்பு

இச்சொல்லுக்கு மூன்று வழிகளில் பிறப்புச் சொல்ல முடியும்.

முதலாவது, நாவால் நக்குதல். கிண்டு என்பதிலிருந்து கிண்டல் வந்ததுபோல நக்கு என்பதிலிருந்து நக்கல் வரலாம். இலக்கணம் தடை சொல்லாது. பொருள்தான் ஒட்டமாட்டேன் என்கிறது. நாக்கு நீண்டவன்தானே நக்கலடிப்பான் என்று இதற்குச் சமாதானம் சொன்னால் அதுவே ஒரு நக்கலாகத்தான் முடியும்.

இரண்டாவது, நகு என்னும் வேர். புகு என்பது இறந்தகாலத்தில் புக்கான் ஆவதுபோல நகு என்பது நக்கான் ஆகும். பழைய நூல்களில் ‘நக்கு’ என்றாலே சிரித்து என்று பொருள். இன்றைய தமிழ்ப் பேச்சில் இந்த வடிவம் செத்துவிட்டது. கன்னடத்தில் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘நக்க’ என்றால் சிரித்தான். கொங்கின் வடமேற்கு ஓரத்தில், சத்தியமங்கலத்துக்கு மேலே தாளவாடி மலையூர்களில் தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். நகு என்பதன் தொழிற்பெயர் நகல் என்றோ நகுதல் என்றோதானே வரவேண்டும், ஒரு ‘க்’ எப்படி மிகுந்தது என்று கேட்கலாம். பேச்சுமொழி இறந்தகால வடிவத்தையே பகுதியாக எடுத்துக்கொண்டது என்று கொண்டால் தீர்ந்தது.

மூன்றாவது, அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த ‘நக்ல்’. தமிழில் இது நகல் ஆகிப் பத்திர அலுவலகத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் புழங்குகிறது. வட இந்திய மொழிகளில் இதன் பொருள் இன்னும் அகலமானது. இந்தியில் ஒருவரைப் போல நடித்துக்காட்டி எள்ளுவதும் ‘நகல்’தான். பஞ்சாபில் ஊர் ஊராகப் போய் அப்படி நடித்துக்காட்டும் கலைஞர்களுக்கு ‘நக்கால்’ என்று பெயர். கோயமுத்தூரிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போல, வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனால் அங்கே ‘நக்கல்’ என்ற இதே உச்சரிப்புள்ள சொல்லுக்குக் கரடு, வரைவு, படி என்று பொருள். வரைவைக் கேட்கும் மலையாள எழுத்தர் ‘நக்கல்’ என்று சொல்ல, இந்தப் பக்கத்து ஆள் கொஞ்சம் முறைத்துப் பார்க்கக்கூடும்.

நகு வழிவந்த தமிழ்ச் சொல் முன்பே இருந்தது, உருதுச் சொல் பின்னால் வந்து போலச் செய்தல் என்னும் பொருளைக் கூட்டிவிட்டது என்று கொள்வதே பொருந்தும்.

எள்ளுவதும் ஒத்திருப்பதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்வது தமிழுக்குப் புதிதுமில்லை. தொல்காப்பிய உவமவியல் அடுக்கும் உவம உருபுகளில் ‘எள்ள’ என்பதும் ஒன்று. பயன் உவமத்துக்கு உரிய எட்டு உருபுகளுக்குள் அது வருகிறது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்கிறது என்று சொல்ல, அதை இது எள்ளுகிறது என்றார்கள். ‘பழித்த’ என்பதும் இப்படியே. நிலவைப் பழித்த முகம் என்றால் நிலவைப் போன்ற, அதற்கு ஒருபடி மேலான முகம். அதே பழிப்புத்தான் இன்று வாயைக் கோணிக் குழந்தைகள் காட்டும் ‘பழிப்பு’.

இலக்கண மரபில்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதற்கு உரை எழுதிய பேராசிரியர் என்பவர் எள்ளலை இரண்டாகப் பிரித்தார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது மற்றொன்று. இரண்டாவதை ஒரு வகையாக எண்ணியதில்தான் உரையாசிரியரின் நுட்பம் இருக்கிறது. கொங்கு நக்கலின் நடைமுறையும் ஏறக்குறைய இதுவே: வாங்கிக்கொண்டவர் சிரிக்க வேண்டும், முகம் சுருங்கினால் ஆட்டம் கலைந்துவிடும்.

செய்யுளியல் அங்கதத்தை எழுவகை யாப்புகளில் ஒன்றாக எண்ணி, அதையும் இரண்டாக்குகிறது. முகத்துக்கு நேரே வைவது செம்பொருள் அங்கதம். வசையை ஒளித்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். நக்கல் இரண்டாவது இனம். செம்பொருளுக்கு நக்கல் என்று பெயரில்லை. கொங்கில் அதற்கு ‘வையறது’ என்றே பெயர்.

பழிகரப்புக்குப் பழைய சான்று புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் முகம் மாறாமல் புகழ்கிறார்: உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று காவலோடு இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தொண்டைமானுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ, பாட்டில் இல்லை. தகடூர் இன்றைய தருமபுரி. கொங்கின் வட எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் இந்தப் புகழ்ச்சியைக் கொங்கு நக்கலின் பாட்டியாக வைத்துக்கொள்ள உரிமை உண்டு.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது வழு ஆகாது என்று அவர் விதி வகுத்தார். ஒற்றை ஆளைப் பன்மையில் விளிக்கவும், கைக்குழந்தையைப் ‘பெரியவிங்க’ என்று கூப்பிடவும், மாட்டை ‘அவரு’ என்று சொல்லவும் இந்த விதி இடம் தருகிறது. ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே எழுதியிருப்பார்.

கொங்கு வழக்கில்

‘நக்கலடிக்கிறது’, ‘நக்கல் பண்றது’, ‘நக்கல் உடறது’ என வினைகள் பல. ‘ஒடம்பெல்லாம் நக்கல்’ என்பது ஆளைப் பற்றிய குணச்சான்று, பாதி பாராட்டு. ‘என்றா, நக்கலா?’ என்பது எச்சரிக்கை. ஆட்டம் அங்கே நிற்கவேண்டும்.

பிற ஊர் கிண்டலிலிருந்து இதைப் பிரிப்பது மரியாதை விகுதி. கொங்குப் பேச்சில் சொல்லுக்குச் சொல் ‘ங்’ ஒட்டும்: ஏனுங், சரிங், இல்லீங். பெற்ற பிள்ளையையும் ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. குரல் உயராது, முகத்தில் சிரிப்பு தெரியாது, வார்த்தையில் மரியாதை குறையாது. குத்து அந்த மரியாதைக்குள்ளேயே இருக்கும். வெளியூர்க்காரர் பாதி நேரம் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவதும் நடக்கும்.

கல்யாண வீட்டு வாசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகூர்த்தம் முடிந்து பந்தியும் கடைசிச் சுற்று. உறம்பரைகள் (உறவினர்கள்) வெற்றிலை போடுகிறார்கள். அப்போது வண்டியை விட்டு இறங்கி வருகிறார் தாய்மாமன் முறைக்காரர் ஒருவர். வாசலில் நிற்கும் மாப்பிள்ளை முறைக்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே, “வாங் மாமா. அடுத்த முகூர்த்தத்துக்கு இப்பவே வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்?” என்கிறார். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆமா மாப்ள, போனவாட்டி நேரத்துல வந்து என்னத்தக் கண்டேன், எனக்கு ரசந்தான வந்துச்சு” என்று படியேறுகிறார். இருவரும் சிரிப்பதில்லை. சுற்றி நின்றவர்கள்தான் சிரிக்கிறார்கள்.

இந்த உரிமை எல்லாருக்கும் இல்லை. மாமன், மச்சான், மாப்பிள்ளை, கொழுந்தியாள் முறைக்குள் நக்கலுக்குத் தடை கிடையாது. பங்காளி வீட்டில் அதே வாக்கியம் சொன்னால் அடுத்த நோம்பிக்கு (பண்டிகைக்கு) பேச்சுவார்த்தை இருக்குமா என்பது சந்தேகம். கொங்கில் உரையாடலுக்கே ‘பழமை’ என்று பெயர். ‘பழமை பேசிட்டு இருந்தமுங்’ என்பார்கள். நக்கல் இல்லாத பழமை உப்பில்லாத பருப்புச் சோறு.

பேருந்தில் முறை கிடையாது, ஆனாலும் நடத்துநருக்கு விலக்கு உண்டு. காந்திபுரம் போகும் நெரிசலான டவுன் பஸ்சில் படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து, “படியில நிக்கறவிங்கெல்லாம் எறங்கித் தள்ளப்போறீங்களாங்?” என்று கேட்பது இந்த வகை. எல்லோரும் உள்ளே நகர்ந்துவிடுவார்கள்.

உறவுச் சொற்களுக்குள் வேறுபாடு உண்டு. குசும்பு என்பதில் செயல் வேண்டும்: செருப்பை ஒளித்து வைப்பது குசும்பு. லொள்ளு, நாய் குரைக்கும் ஒலியிலிருந்து வந்தது; எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுவது. எகத்தாளத்தில் இளக்காரம் தூக்கலாக இருக்கும். போலச் செய்து காட்டுவதைப் ‘பழிப்புக் காட்டறது’ என்றும், ‘அவனாட்டவே பேசிக் காட்டறான்’ என்றும் சொல்வார்கள். இச்சொற்களைத் தேடுகிறவர்களுக்குக் கைக்கு உதவும் நூல் பெருமாள்முருகன் தொகுத்து 2000இல் வந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி. இந்தப் பேச்சை நாவலில் ஏற்றிய முன்னோடி ஆர். சண்முகசுந்தரம், அவருடைய நாகம்மாள் 1942இல் வெளிவந்தது.

அச்சு, மேடை, திரை

ஈரோட்டிலிருந்து 1925இல் பெரியார் தொடங்கிய குடி அரசு இதழில் ‘சித்திரபுத்திரன்’ என்ற பெயரில் அவரே எழுதிய உரையாடல்கள் புராணங்களையும் சடங்குகளையும் நக்கலுக்கு உள்ளாக்கின. கேள்வி கேட்பவர் பணிவாகக் கேட்டுக்கொண்டே போவார், பதில் சொல்பவர் தானே மாட்டிக்கொள்வார். உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி (1899–1981) நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு எழுதிய பாடல்கள் அதே வேலையை மெட்டோடு செய்தன.

அதே உடுமலைப் பக்கத்து வல்லக்குண்டாபுரத்தில் 1939இல் பிறந்த சுப்பிரமணி, நாடக மேடை வழியாகக் கவுண்டமணி ஆனார். 16 வயதினிலே (1977) படத்தில் கவனம் பெற்றார். 1980களிலும் 90களிலும் தமிழ்நாடு முழுக்கக் கேட்ட அவருடைய நக்கலின் இழுவையும் நிறுத்தமும் கொங்குடையவை. 1989இல் வந்த கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காட்சியில் அவரைக் கோபப்படுத்துவது உடன் நடித்த செந்திலின் அசராத பணிவு. அண்ணன் என்ற மரியாதை கடைசிவரை குறைவதில்லை. செந்தில் இராமநாதபுரத்துக்காரர் என்பது கொங்குக்காரர்களுக்குச் சிறு மனக்குறை. கவுண்டமணி செந்திலின் தலையையும் நிறத்தையும் சொல்லி இழித்த இடங்கள் இன்று கசக்கின்றன. அவை நக்கல் ஆகா, செம்பொருள்.

சூலூர்க்காரரான மணிவண்ணன் இயக்கி, கோயமுத்தூர்க்காரரான சத்யராஜ் நடித்த அமைதிப்படை (1994) அரசியல்வாதியை அரசியல்வாதியின் வாயாலேயே எள்ளியது. வெள்ளாங்கோயில் பாக்யராஜ், கோவை சரளா ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். போலி நடிப்பை முழுநேரத் தொழிலாக்கியது தொலைக்காட்சி. 2000களில் விஜய் தொலைக்காட்சி ஒளிபரப்பிய லொள்ளு சபா, முழுப் படங்களையே பழிப்புக் காட்டியது. பெயர் கொங்கிலிருந்து போனது, நிகழ்ச்சி சென்னையில் உருவானது.

இன்று

இளையோர் பேச்சில் கலாய்த்தலும் ஓட்டுதலும் நக்கலின் இடத்தைப் பிடித்துவருகின்றன. மீம் அவற்றின் பட வடிவம். கல்லூரிகளில் இதற்கு எல்லையும் உண்டு: 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், மாணவரைக் கேலி செய்வதையும் விளையாட்டு என்ற பெயரில் தொல்லை தருவதையும் குற்றமாக்கியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வடமாநிலத் தொழிலாளர் பேச்சில் ‘நகல்’ என்ற சொல் அதன் பழைய பொருளோடு மறுபடியும் கொங்குக்குள் வந்திருக்கிறது.