வாசல் பனியும் பாலாற்று உப்பும்

மலர்க் குழு நண்பர்கள், "நீ வரலாற்று மாணவனாச்சே, சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தா" என்று கேட்டார்கள். வேலூர்க் கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி என்று எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு குளிர்காலமும் நான் செய்துவரும் ஒரு வேலையின் சரித்திரத்தை எழுதுகிறேன். வீட்டு வாசலில் பனி தள்ளுவது! "அணைக்கட்டுக்காரனுக்குப் பனியைப் பத்தி இன்னாப்பா தெரியும்?" என்று சிரிக்க வேண்டாம். கட்டுரை முடிவதற்குள் பாலாற்றுக்கே வந்துவிடுவேன்.

நம் வட்டாரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். கட்டிப் பனியை நம்மில் முதலில் பார்த்தவர்கள் பட்டாளத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ராணுவத்தார் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை நமக்குப் பக்கத்து ஊர்தானே. 1960-ல் எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்ட பிறகு, ஜோஜிலா கணவாயில் சுவர் போல நிற்கும் பனியை வெட்டி வழி திறப்பது ஆண்டுதோறும் நடக்கும் பெரும் வேலை. அவர்கள் நாட்டுக்காகத் தள்ளுகிறார்கள். நாங்கள் காருக்காகத் தள்ளுகிறோம்.

நான் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வெளியே. 1991 அக்டோபர் 31-ம் தேதி தொடங்கிய பனி நான்காம் நாள்தான் நின்றது. நகரில் 28 அங்குலம். என் அனுபவம் அங்கிருந்து ஆரம்பம். ரோட்டிலிருந்து கார் கொட்டகை வரை உள்ள வழியை 'டிரைவ்வே' என்பார்கள். எங்களுடையது 150 அடி நீளம், 12 அடி அகலம். அரை அடி பனி பெய்தால் கணக்கு 900 கன அடி. பஞ்சு போன்ற புதுப் பனியானால் சுமார் இரண்டரை டன். ஈரப் பனியானால் ஏழு, எட்டு டன்! அத்தனையையும் ஒரு மனிதன் ஆபீஸ் போவதற்குள் ஓரம் கட்ட வேண்டும். நம் வயதில் இது விளையாட்டல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 33 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள்: 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் அபாயம் 34 சதவீதம் கூடுகிறதாம். அள்ளித் தூக்கிப் போடாதீர்கள், தள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், மோட்டார் கார் வருவதற்கு முன்னால் நாட்டுப்புற ரோடுகளில் பனியைப் பெரும்பாலும் அகற்றவில்லை. குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிக்குப் பனி வேண்டும். அதனால் பெரிய உருளைகளைக் குதிரை பூட்டி இழுத்து, பனியை அழுத்தி ரோடு போட்டார்கள். கூரை போட்ட மரப் பாலங்களுக்குள் பனி விழாது. வண்டி சறுக்க வேண்டுமே என்று கூலிக்கு ஆள் வைத்துப் பனியை உள்ளே கொட்டிய ஊர்களும் உண்டு! அன்று பனி தடை அல்ல, பாதை.

ரயில்தான் முதலில் முரண்டு பிடித்தது. 1869-ல் டொரோன்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட் என்ற பல் வைத்தியர், சக்கரம் சுழன்று பனியை வாரி எறியும் ரயில் கலப்பையை வடிவமைத்தார். பல் பிடுங்குபவருக்கு இதில் என்ன அக்கறையோ தெரியவில்லை! அவர் கருத்தை வைத்து மற்றவர்கள் இயந்திரம் கட்டி ஓட்டியது 1880-களில்தான். ரோட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆர்தர் சிகார், கியூபெக்கைச் சேர்ந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. கதிரடிக்கும் இயந்திரம் வைக்கோலை வீசி எறிவதைப் பார்த்து இவருக்கு யோசனை உதித்தது என்பார்கள். நம் பக்கத்துக் களத்து மேட்டில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். 1925-ல் லாரி மேல் தன் இயந்திரத்தைப் பொருத்தினார். 1927-ல் மாண்ட்ரியல் பக்கத்திலுள்ள ஊட்ரமான் நகராட்சி முதலாவதை வாங்கியது.

வீட்டு வாசலுக்கு இயந்திரம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நகரத்தை விட்டுத் தள்ளித் தள்ளி வீடு கட்டினார்கள், வீட்டுக்கு ஒரு கார், காருக்கு ஒரு கொட்டகை. வழி நீண்டது, வேலையும் நீண்டது. 1950-களின் தொடக்கத்தில் எங்கள் மினியாபொலிஸ் டோரோ கம்பெனி கையால் தள்ளும் சிறு பனி வீசியை விற்கத் தொடங்கியது. 1960-ல் விஸ்கான்சின் மாநிலத்து ஏரியன்ஸ் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. இருந்தும் ஒரு சங்கடம் தீரவில்லை. நீங்கள் சுத்தமாகத் தள்ளிவிட்டுக் காபிக்கு உள்ளே போவீர்கள். நகராட்சிக் கலப்பை வந்து ரோட்டுப் பனியை உங்கள் வாசல் முனையில் கரையாகக் கட்டிவிட்டுப் போய்விடும். அதைத் திருப்பி ரோட்டில் தள்ளினால் மினசோட்டாவில் சட்டப்படி குற்றம்!

இவ்வளவு தள்ளியும் தரையில் ஒட்டிய மெல்லிய பனிக்கட்டி ஒன்று மிச்சம் நிற்கும். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அதற்குத்தான் உப்பு. உப்பு கலந்த நீர் சுழியத்தில் உறையாது. சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-ல் ரோட்டில் உப்பைச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் நாடு முழுவதும் போட்டது ஏறத்தாழ 5,000 டன்தான். இன்று அது கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கனடாவில் கோடரிச் என்ற ஊரில் 1866-ல் எண்ணெய்க்குத் துளை போட்டவர்களுக்கு உப்புப் பாறை கிடைத்தது. இன்று அங்கே ஹூரான் ஏரிக்கு அடியில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. ரோட்டுக்கு வந்த பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கடைக்குப் போனால் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறார்கள். மூட்டையைப் பிரித்து, கோழிக்குத் தீவனம் இறைப்பது போல இறைக்கிறார்கள்.

வாசலில் கரைந்த உப்பு எங்கே போகிறது? மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2009-ல் கணக்குப் போட்டார்கள். மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகர வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் டன் உப்பு போடுகிறார்கள். அதில் 70 சதவீதம் ஆற்றோடு போகாமல் அந்த வட்டார மண்ணிலும் ஏரியிலும் நிலத்தடி நீரிலுமே தங்கிவிடுகிறது. ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து காலன் நீரைக் கெடுக்கப் போதும், அதாவது ஒரு குடத்துக்கும் சற்று மேல். எங்களைப் போல நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, சொந்தக் கிணறுதான். டிரைவ்வேயில் போடுவது நாளைக்கு டம்ளரில் வரும்.

இதைப் படித்தபோது எனக்குப் புது விஷயமாகவே தோன்றவில்லை. நாம்தான் இதைப் பார்த்து வளர்ந்தவர்களாயிற்றே! பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 30, 40 சதவீதம் உப்பு போடுவார்கள். டேனரியில் முதல் வேலையே அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று அந்தத் தண்ணீர் எல்லாம் போன இடம் உங்களுக்குத் தெரியும். பத்திரிகைகள் குரோமியத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதின. ஆனால் குரோமியத்தைப் படிய வைத்துப் பிரித்துவிடலாம். உப்பை வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் தொடுவதே இல்லை, உள்ளே போனபடியே வெளியே வரும். தென்னை காய்ந்தது, கிணற்று நீர் கரித்தது. இன்று வேலூருக்கும் ஆம்பூருக்கும் குடிக்க மேட்டூரிலிருந்து காவிரி வருகிறது. ஜவ்வாது மலையிலிருந்து நம் அணைக்கட்டுப் பக்கமாக இறங்கும் உத்திரகாவேரி நீரும் கடைசியில் அந்தப் பாலாற்றுக்குத்தான் போகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும் நான் பனியில் மாட்டிக்கொண்ட அதே 1991-ல்தான். 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவனே ஈடு தர வேண்டும், கெடுமுன் தடுக்க வேண்டும், இரண்டும் நாட்டின் சட்டம். அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் சுமார் 29,000 பேருக்கு நஷ்ட ஈடு நிர்ணயித்தது. விவகாரம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. டேனரியை மட்டும் குறை சொல்லி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. நம்மில் எத்தனை பேருக்குக் கல்லூரிக் கட்டணம் அந்தத் தோல் காசில் வந்தது!

பனி நாட்டில் எதிராளி யார் என்று காட்டி வழக்குப் போட முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஒரு கைப்பிடி. கனடா அரசு 2001-ல் ரோட்டு உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று முறைப்படி அறிவித்து, 2004-ல் அளவாகப் போடும் நெறிமுறை வெளியிட்டது. உப்பை முதலில் பரப்பிய அதே நியூ ஹாம்ப்ஷயர், 2013-ல் ஒரு சட்டம் செய்தது. அளவாகப் போடப் பயிற்சி பெற்று அரசுச் சான்று வாங்கிய ஒப்பந்தக்காரர் வேலை செய்த இடத்தில் யாராவது வழுக்கி விழுந்தால், அவர் மேல் எளிதில் வழக்குப் போட முடியாது. ஏனென்றால் மூட்டையைக் கவிழ்க்க வைப்பது பனி அல்ல, வக்கீல் நோட்டீஸ் பயம்.

அமெரிக்கா, கனடாவில் இருக்கும் நம் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. பனி நின்றவுடன், கார் சக்கரம் அழுத்தி இறுகுவதற்கு முன்பே தள்ளிவிட்டால் உப்புக்கு வேலையே குறைவு. மைனஸ் 9-க்குக் கீழே போன நாளில் உப்பு வீண், மணலைத் தூவலாம். மற்ற நாளில் 20 அடி வழிக்கு 12 அவுன்ஸ் காபிக் குவளை ஒன்று போதும் என்கிறார்கள் இங்குள்ள நீர்வளத் துறையினர். அந்தக் கணக்கில் என் 150 அடிக்கு ஏழரைக் குவளை. நான் ரோட்டு முனைச் சரிவு 30 அடிக்கு மட்டும் போடுகிறேன்: ஒன்றரைக் குவளை.