வழக்கு எந்த ஊரில்?

முதலீட்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? இலாபம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதை நான்கு முறை கேட்போம். தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும் வரியை மட்டும் கண்டுகொள்ள மாட்டோம். நீதிமன்றத் தேர்வு நிபந்தனை எனப்படும் அந்த வரி, பலரின் சேமிப்புக்கே தலைவிதி எழுதியிருக்கிறது.

ஒரு காலத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த நிபந்தனையை மதிக்கவே இல்லை. எங்கள் அதிகாரத்தைப் பறிக்க நீங்கள் யார் என்ற போக்கில் ஒதுக்கித் தள்ளின. அந்தப் போக்கை மாற்றியது ஒரு கடல் விபத்து.

ஹூஸ்டன் நகரின் சப்பாட்டா நிறுவனம், லூசியானாவிலிருந்து இத்தாலிக்குத் தன் எண்ணெய்த் துரப்பண மேடையை இழுத்துச் செல்ல, 1967-இல் ஒரு ஜெர்மன் நிறுவனத்தை அமர்த்தியது. தகராறு எதுவானாலும் இலண்டன் நீதிமன்றமே விசாரிக்கும் என்பது ஒப்பந்தம். 1968 ஜனவரியில் மெக்சிகோ வளைகுடாவில் புயலடித்தது. மேடையின் கால்கள் முறிந்து கடலில் விழுந்தன. ‘பிரெமென்’ என்ற இழுவைக் கப்பல் மேடையை ஃபுளோரிடாவின் தம்பா துறைமுகத்தில் சேர்த்தது. சப்பாட்டா அங்கேயே 35 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதற்கு இடமளித்தன. ஆனால் 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விவரமறிந்த இரு வணிகர்கள் பேசி முடித்த ஏற்பாட்டை மதிக்க வேண்டும் என்றது. மோசடி, மிரட்டல், கடும் அநீதி இவற்றைக் காட்டினால்தான் விலக்கு.

அது கப்பல் விவகாரம். முதலீட்டாளருக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி இலண்டனின் லாய்ட்ஸ் காப்புறுதிச் சந்தையில் எழுந்தது.

லாய்ட்ஸ் சந்தைக்கு முதல் கொடுத்த தனிநபர்களை ‘நேம்ஸ்’ என்பார்கள். இலாபம் வந்தால் பங்கு உண்டு. நட்டம் வந்தால் அன்று சொந்தச் சொத்து முழுவதையும் விற்றுக் கட்ட வேண்டியிருந்தது. இவர்களில் அமெரிக்கர்களும் பலர். எல்லாத் தகராறும் இங்கிலாந்தின் சட்டப்படி, இங்கிலாந்தின் நீதிமன்றத்தில்தான் என்ற உறுதிப் பத்திரம் 1986-இல் வந்தது. கையொப்பம் போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நோய்களுக்கான இழப்பீடு, பெரும் விபத்துகள் என்று அடுக்கடுக்காக வந்ததில் 1988 முதல் 1992 வரையிலான கணக்காண்டுகளில் நட்டம் சுமார் 8 பில்லியன் பவுன். பல குடும்பங்கள் திவாலாயின.

அபாயத்தை மறைத்து எங்களைச் சேர்த்தார்கள் என்று அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கையில் வலுவான ஆயுதம் இருந்தது. 1933, 1934-ஆம் ஆண்டுகளின் அமெரிக்கப் பங்குப் பத்திரச் சட்டங்கள், இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்றே சொல்கின்றன. ஆனாலும் 1993-இல் நியூயார்க், சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அவர்களை இலண்டனுக்குப் போகச் சொல்லிவிட்டன. 1997-இல் மேற்குக் கரையில் ஒரு தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. மறு ஆண்டே அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டது. இங்கிலாந்துச் சட்டத்திலும் மோசடிக்குப் பரிகாரம் உண்டு, அது போதும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

போதுமானதாக இருந்ததா? இங்கிலாந்தில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் லாய்ட்ஸ் நிர்வாகத்திற்கு ஒரு கவசம் கொடுத்திருந்தது. கெட்ட எண்ணத்தை நிரூபித்தால் ஒழிய இழப்பீடு கிடையாது. 2002-இல் இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், லாய்ட்ஸ் கையேடுகளில் கணக்குத் தணிக்கையைப் பற்றிச் சொன்னது உண்மைக்குப் புறம்பானது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. அமெரிக்கச் சட்டத்திலோ, விற்றவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று ஒவ்வொரு வழக்கிலும் நிரூபிக்கத் தேவையில்லை. தவறான தகவலுக்கு அவரே பொறுப்பேற்க வேண்டிய பிரிவும் உண்டு. ஊர் மாறியதும் வழக்கின் பலமே மாறிவிட்டது.

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். சிங்கப்பூர் 2016-இல் நீதிமன்றத் தேர்வு உடன்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 2018-இல் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிர்த்தரப்புக்கு உண்மையான தற்காப்பு வாதம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விலக்கு அளிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது. வலுவான காரணம் இல்லாவிட்டால் ஒப்புக்கொண்ட நீதிமன்றத்திற்கே போக வேண்டும் என்பது இன்றைய நிலை. வணிகத்திற்கு இந்த உறுதி தேவைதான். வெளிநாட்டு வியாபாரி நம்மிடம் நம்பி வருவதும் இதனால்தான்.

ஆனால் உறுதியின் பலன் படித்துவிட்டுக் கையொப்பமிட்டவருக்கே. ஆகவே, வெளிநாட்டுத் திட்டம் எதிலும் பணம் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வழக்கு எந்த ஊரில்? எந்த நாட்டுச் சட்டப்படி? அந்தச் சட்டம் எதிர்த்தரப்புக்கு ஏதாவது கவசம் தருகிறதா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்க நீங்களும் தயங்குங்கள்.