பஞ்ச காலத்துக் குரோஷே

அயர்லாந்தில் குரோஷே பின்னலைப் பரப்பியதில் கன்னிமடங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கார்க் நகரை ஒட்டிய பிளாக்ராக்கில் உர்சுலைன் சபைச் சகோதரிகள் நடத்திய பள்ளியில், ஏழைப் பிள்ளைகளின் பின்னல் வேலைக்காக 1845-இல் 90 பவுன் கூலி கொடுத்ததாக மடத்துக் குறிப்பேடு சொல்கிறது. அதே ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த மக்களில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவினர் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள். கூலி வேலை நின்றுபோன வீடுகளில் சிறுமிகளின் பின்னல் காசுதான் சோறு போட்டது.

1847-இல் குளோன்ஸ் ஊரின் போதகர் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், கில்டேரிலிருந்து ஆசிரியை ஒருவரை வரவழைத்து அங்கும் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். வெனிஸ் லேஸின் சாயல் கொண்ட இப்பின்னல், ஊசியால் தைக்கும் லேஸைவிடப் பல மடங்கு விரைவில் முடியும். முதலும் அதிகம் வேண்டாம். கம்பி முனையை வளைத்துத் தேய்த்து மரப்பிடியில் செருகினால் ஊசி தயார்.

பிள்ளைகள் முதலில் பழகியது எண்ணிக்கை. ரோஜா பின்ன வேண்டுமானால் சிறு சங்கிலியை வளையமாக்கி, அதைச் சுற்றி ஆறு வளைவுகள் போட்டு, ஒவ்வொன்றையும் இதழாக நிரப்ப வேண்டும். அடுத்த அடுக்கு இதழ்கள் முதல் அடுக்கின் பின்புறம் வரும். அவற்றுக்குச் சங்கிலி சற்று நீளம். ஒரு கண்ணி தவறினாலும் பூ கோணிக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் ஊசியில் நிற்பது ஒரே கண்ணிதான் என்பதால், நூலை இழுத்தால் தவறு செய்த இடம்வரை பிரிந்துவிடும். அங்கிருந்தே மீண்டும் பின்னலாம். சிறு கைகளுக்கு இதைவிடத் தோதான வேலை அரிது. பசிக்காகப் பிள்ளைகள் உழைக்க நேர்ந்தது கொடுமை. அந்தக் கைகளில் சேர்ந்த நுட்பமோ அசாத்தியமானது.

வேலை பங்கிட்டு நடந்தது. ஒருத்தி ரோஜா மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலை. கைதேர்ந்த பெண்கள் அவற்றைத் துணியில் வைத்துத் தைத்து, இடைவெளியை வலைப்பின்னலால் நிரப்பி, பிறகு துணியைப் பிரித்தெடுப்பார்கள். அந்த வலையில் மணிபோல் திரளும் ‘குளோன்ஸ் முடிச்சு’ அவ்வூரின் அடையாளம். சில குடும்பங்கள் தங்கள் பூ வடிவங்களை அயலாருக்குக் காட்டாமல் காத்தன.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திர லேஸ் இதே வடிவங்களை மலிவாக அச்சடித்ததுபோல் தந்தது. முதல் உலகப் போருக்குப் பின் உடை நாகரிகமும் மாறவே, பிழைப்புக்கான தொழிலாக இது ஒடுங்கியது. குளோன்ஸில் இன்றும் இப்பின்னலைக் கற்றுத் தருகிறார்கள்.