கன்னம் வைக்கும் கிருமி

சுத்துக்கேணி விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே,

உங்கள் ஊர்ப் பெயரிலேயே கேணி இருக்கிறது. பக்கத்திலேயே சங்கராபரணி ஆறு. தண்ணீரோடு பழகுகிறவர்கள் தண்ணீரில் வரும் டைபாய்டு காய்ச்சலின் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

1880-ல் எபெர்த் என்ற ஜெர்மானியர் இந்தக் கிருமியைக் கண்டார். 1885-ல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், இதே இனத்துக் கிருமி ஒன்றைப் பன்றியிடமிருந்து பிரித்தெடுத்தார். அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மன், ஒரு கால்நடை டாக்டர். அவர் பெயரால்தான் இந்த இனத்துக்கு 'சால்மொனெல்லா' என்று பெயர்.

நம் குடலில் எத்தனையோ கிருமிகள் சும்மா கிடக்கின்றன. இது மட்டும் ஏன் ஆளைப் படுக்கவைக்கிறது? ஐ.ஆர்.8 நெல் குட்டையாக நிற்பதற்கு அதிலுள்ள மரபணு காரணம். அதுபோல இந்தக் கிருமியின் பொல்லாத குணத்துக்கும் தனி மரபணுக்கள் உண்டு.

அந்தக் காலத்துத் திருடன் கன்னக்கோலால் மண்சுவரைத் துளைப்பான் பாருங்கள், அந்த மாதிரி இதனிடம் ஊசி போன்ற கருவி இருக்கிறது. அதன் வழியே சில புரதங்களைச் செலுத்தும். உடனே குடலின் செல்லே கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு, தன்னைக் கொல்ல வருகிற வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். காவல்காரன் வீட்டிலேயே திருடன் ஒளிந்த கதைதான்! நுழைய உதவும் மரபணுக்களை 1989-ல் காலன், கர்ட்டிஸ் ஆகியோர் கண்டறிந்தார்கள். ஒளிந்து வாழ உதவுபவை 1990-களில் தெரியவந்தன.

1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது, கைகண்ட மருந்தாயிருந்த குளோரம்பெனிகால் கேட்கவில்லை. மருந்தை எதிர்க்கும் மரபணு கிருமிக்குக் கிருமி கைமாறுவதைக் கண்டார்கள். அதனால் நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். டாக்டர் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

நல்ல சேதியும் உண்டு. டைபாய்டு கிருமி ஒரு போர்வை போர்த்திக்கொண்டு நம் உடம்பின் கண்ணில் படாமல் தப்புகிறது. 1934-ல் பெலிக்ஸ், பிட் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் போர்வையையே எடுத்து ஐதராபாத்தில் தடுப்பூசி செய்தார்கள். 2013-ல் அதற்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆறு மாதக் குழந்தைக்கும் போடலாம். திருடன் போர்வையை வைத்தே திருடனை அடையாளம் காட்டியாச்சு!

ஆனாலும் கன்னம் வைக்க வருகிறவனை வாசலிலேயே தடுப்பதுதான் புத்திசாலித்தனம். கேணிப் பக்கம் மலக்குழி தோண்டாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொல்லைக்குப் போய்வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.