மன்றமும் மாநாடும்

மாநாடு என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை பந்தலும் தோரணமும், ஊர்வலமும் ஒலிபெருக்கியுமே. 1981ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, நானும் அவற்றைக் காண்பதற்கென்றே சென்றேன். அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். எங்கள் கடமலைக்குண்டு அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தேனி மாவட்டம் பின்னர்ப் பிறந்தது. வருசநாட்டு மலையில் தோன்றி எங்கள் ஊரையொட்டி ஓடும் வைகையும் மதுரைக்குத்தான் போகிறது. நாங்களோ பேருந்தில் போனோம். நகரில் கால் வைக்க இடமில்லை. அலங்கார ஊர்திகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து நோவெடுத்தது.

நண்பகலில், அருகே நின்ற முதியவர் ஒருவரிடம், “ஐயா, ஆராய்ச்சி செய்யும் அறிஞர்களெல்லாம் எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்டேன். “அது வேறிடம் தம்பி, அழைப்புப் பெற்றவர்க்கே அங்கு இடம்” என்றார் அவர். அன்று எனக்குச் சிறிது மனக்குறையாகவே இருந்தது. மாநாடு என்பது ஒன்றன்று, இரண்டு என்பதையும், மக்கள் காணும் மாநாட்டுக்கு உள்ளே மக்கள் காணாத மாநாடு ஒன்று உண்டு என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். நூலகம் ஒன்றில் அந்த மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகளைப் புரட்டியபோதுதான் அது விளங்கிற்று. அத்தொகுதிகளின் முகப்பிலேயே ‘மாநாட்டுக் கருத்தரங்கு’ என்னும் இரட்டைப் பெயர் பொறித்திருக்கக் கண்டேன்.

அந்த இரண்டாவது மாநாட்டின் வரலாற்றைத்தான் மாணவர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கீழைநாட்டு மொழிகளையும் வரலாற்றையும் ஆராயும் அறிஞர்கள் 1873இல் பாரிசு நகரில் முதன்முதலாக ஒன்றுகூடினர். அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெவ்வேறு நாடுகளில் அவர்கள் கூடிவந்தனர். அக்கூட்டங்களில் வடமொழிக்கும் சீனத்துக்கும் அரபிக்கும் அகன்ற இருக்கை கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்ததோ ஓர் ஓரம். தமிழை ஆராய்வோர் இல்லாமற்போகவில்லை. பாரிசில் ஒருவர், இலண்டனில் ஒருவர், பிராகு நகரில் ஒருவர், திருவனந்தபுரத்தில் ஒருவர் என்று அவர்கள் சிதறிக் கிடந்தனர். ஒருவர் எழுதியது மற்றவர் கைக்கு எட்டுவதற்கே ஆண்டுகள் சென்றன.

சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்க்க முன்வந்தவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பொனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உரோமையில் பயின்று குருவானவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். ஆனால் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கியதோ, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்த பிறகுதான்! முப்பதை ஒட்டிய வயதில், பள்ளிப் பணிக்கிடையே பண்டிதரிடம் பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகப் பட்டமும் பெற்றார். காலந்தாழ்ந்துவிட்டதே என்று கலங்கும் மாணவர்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம். 1952இல் ‘தமிழ்ப் பண்பாடு’ எனப் பொருள்படும் பெயரில் ஆங்கில முத்திங்கள் ஏடொன்றை அவர் தொடங்கினார். பல நாட்டு அறிஞர்களின் முகவரிகளும் நட்பும் அந்த ஏட்டின் வழியாகவே அவர் கைக்கு வந்தன எனலாம்.

1964ஆம் ஆண்டு சனவரியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆம் மாநாடு புதுதில்லியில் கூடிற்று. அடிகள் அப்பொழுது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைத் தலைவர். அவரும் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் தில்லிக்கு வரும் தமிழறிஞர்களுக்கு முன்கூட்டியே சுற்றுமடல் விடுத்திருந்தனர். பெரிய மாநாட்டின் இடைவேளையில், சிறிய அறையொன்றில் சிலர் கூடினர். பந்தலும் இல்லை, பறையும் இல்லை. அன்று பிறந்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். அடிகளும், செக் நாட்டவரான கமில் சுவலபிலும் செயலாளர் பொறுப்பை ஏற்றனர். தமிழுக்கென அமைந்த உலக மன்றத்துக்குத் தமிழரல்லாத ஒருவரைத் தலைவராக்கியது வெறும் உபசாரமன்று. தமிழ் உலக ஆராய்ச்சிக்குரிய பொருள் என்பதைச் சொற்பொழிவின்றியே அது சொல்லிவிட்டது.

இத்தகைய மன்றத்தை நடத்துவது எப்படி? அதற்குக் கட்டடமும் இல்லை, கருவூலமும் இல்லை. தலைவர் பாரிசில், ஒரு செயலாளர் கோலாலம்பூரில், மற்றவர் பிராகில். தொலைபேசியில் பேசுவது அரிதாயிருந்த காலத்தில் எல்லாம் விமான அஞ்சலில்தான் நடந்தாக வேண்டும். மடல் போய் மறுமடல் வரப் பல நாள் செல்லும். யாரை அழைப்பது, எப்பொருளில் கட்டுரை கேட்பது, வந்த கட்டுரையை எந்த அமர்வில் சேர்ப்பது, அமர்வுக்கு யார் தலைமை, பயணச் செலவை யார் தருவது, நுழைவு அனுமதியை எந்தத் தூதரகத்தில் பெறுவது என்று ஒவ்வொன்றுக்கும் மடல் வேண்டும். பள்ளி ஆண்டு விழாவுக்கே மூன்று மாதம் முன்னதாகக் கூட்டம் போட்டும் கடைசி நாளில் நாற்காலி போதாமல் தவித்த தலைமையாசிரியன் நான். ஆகவே, இருபது நாட்டு அறிஞரை ஒரே வாரத்தில் ஒரே மண்டபத்தில் அமர்த்துவது எத்தகைய பாடென்பதை ஓரளவு ஊகிக்கிறேன்.

முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் கூடிற்று. மலேசியத் தலைமை அமைச்சர் துங்கு அப்துல் இரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். அடிகள் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. வீரமாமுனிவருக்கும் முற்பட்ட அந்தம் தெ புரோயன்சா என்னும் போர்ச்சுக்கீசியப் பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. அடிகள் அதனை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். தமிழியல் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றும் அதே ஆண்டில் வெளியாயிற்று. மாநாட்டில் படிக்கப்பெற்ற கட்டுரைகள் 1968இலும் 1969இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

இந்த ஆண்டுக் கணக்கை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். மாநாட்டுக்கு வந்து கேட்டவர் சில நூறு பேர். வராதவர்க்கும், இனிப் பிறக்கப் போகின்றவர்க்கும் கிடைப்பது அச்சான நூல் ஒன்றே. ஓர் ஆராய்ச்சி மாநாடு முடிவுறுவது நன்றியுரையோடு அன்று; அதன் கட்டுரைத் தொகுதி நூலக அலமாரியில் ஏறும் நாளில்தான்.

இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடந்தது. முதலமைச்சர் அண்ணாவின் அரசு அதனைப் பெருவிழாவாக்கிற்று. கடற்கரையில் வள்ளுவர் முதல் போப்பையர் வரை சான்றோர் சிலைகள் எழுந்தன. மக்கள் வெள்ளம் ஒருபுறம், கருத்தரங்கு ஒருபுறம் என இரண்டும் பிரிந்து நின்ற கோலம் இங்குதான் தெளிவாயிற்று. ஆனால் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. விழாவின் உற்சாகம் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970இல் தோன்றத் துணைசெய்தது. கருத்தரங்கின் உழைப்போ ஆங்கிலேய அறிஞர் ஆசரின் பதிப்பாக 1971இல் நூலுருப் பெற்றது. 1970 சூலையில் பாரிசில் கூடிய மூன்றாம் மாநாட்டில் ஊர்வலத்துக்கு இடமில்லை. அதன் தொகுதியைப் புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1973இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்னும் ஒழுங்கு தவறாமல் நடந்துவந்தது.

நான்காம் மாநாட்டைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது. அதனைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்றது இலங்கை அரசு. யாழ்ப்பாணத்திலேயே நடத்துவோம் என்று பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவருடன் உழைத்தவர்களும் உறுதியாக நின்றனர். வெளிநாட்டு அறிஞர் சிலருக்கு நுழைவு அனுமதி கிடைக்கவில்லை. ஆயினும் 1974 சனவரி 3ஆம் நாள் தொடங்கி ஆய்வமர்வுகள் நடந்தேறின. இறுதியாக, 10ஆம் நாள் இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன் மக்கள் திரண்டிருந்த கூட்டத்தில் காவல்துறையினர் புகுந்தனர். அந்தக் குழப்பத்தில் மின்கம்பி அறுந்து வீழ, ஒன்பது உயிர்கள் மாண்டன. ஆராய்ச்சிக்கெனக் கூடிய மன்றம் ஒன்று, தான் எந்த ஊரில் கூடுவது என்பதைத் தானே முடிவு செய்ததற்கு இத்தனை பெரிய விலை நேரும் என்று தில்லியின் சிறிய அறையில் இருந்த எவரும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

மதுரை மாநாட்டைக் காண அடிகள் இல்லை. 1980 செப்டம்பரில், மாநாட்டுக்கு நான்கு திங்களே இருந்தபோது, அவர் மறைந்தார். நான் ஊர்வலத்தைக் கண்டு வியந்துகொண்டிருந்த அந்நாளில் அவர் பெயரைக்கூட அறியேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதல் துணைவேந்தர், சுற்றுமடல் விடுத்த அதே வ. அய். சுப்பிரமணியம்.

ஆறாம் மாநாடு 1987இல் மீண்டும் கோலாலம்பூரிலும், ஏழாம் மாநாடு 1989இல் மொரீசியசிலும் கூடின. அதன்பின் மன்றத்தின் தலைமையை ஏற்றவர் சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா. சோழர் கல்வெட்டுகளை ஊர் ஊராக, எழுத்தெழுத்தாக ஆராய்ந்தவர் அவர். 1995 சனவரியில் தஞ்சையில் எட்டாம் மாநாடு பெருஞ்சிறப்புடன் நடந்தது. எனினும் இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி கலந்துகொள்ள இயலாதவாறு திருப்பியனுப்பப்பெற்றார். தஞ்சை மாநாட்டின் கட்டுரைகள் ஐந்து தொகுதிகளாக அச்சேறியது 2005இல். அதாவது பத்து ஆண்டு கழித்து. அச்சான பின்னரும் அவை அறிஞர் கைக்குச் சென்று சேரவில்லை.

2009இல் தமிழ்நாட்டு அரசு ஒன்பதாம் மாநாட்டைக் கோவையில் நடத்த முன்வந்தது. முதலில் அறிவித்த நாள் 2010 சனவரி. ஆராய்ச்சி மாநாட்டுக்கு இத்துணைக் குறுகிய காலம் போதாது என்றார் கராசிமா. தஞ்சைத் தொகுதிகள் முதலில் வெளிவர வேண்டும் என்றும் கேட்டார். அரசு சூன் திங்களுக்கு ஒத்திவைத்தது. அவரோ 2010 திசம்பர் அல்லது 2011 சனவரி வரை காலம் வேண்டினார். 2011இல் தேர்தல் வரவிருந்தமையால் அரசுக்கு அது இயையவில்லை. இருதரப்பையும் எண்ணிப் பார்க்கின்றேன். பணமும் ஆளும் இடமும் தருகின்ற அரசுக்குத் தன் காலக்கணக்கு உண்டு; அது வியப்பன்று. மன்றத்தின் கையிலோ பணமில்லை. மன்றத்தின் பெயர் ஒன்றே இருந்தது. அந்தப் பெயரைத் தருவதற்கு இல்லை என்று கராசிமா மறுத்துவிட்டார். 2010 சூன் 23 முதல் 27 வரை கோவையில் நடந்தது உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்னும் வேறு பெயர் கொண்ட மாநாடு. உலகறிந்த ஆய்வாளர் பலர் அதிலும் கலந்துகொண்டனர் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த ஒரு மறுப்பால் மன்றம் இழந்ததும் உண்டு. ஒன்பதாம் மாநாடு கூடுவதற்கு 2015ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் இடையே 20 ஆண்டுகள். ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்கள் அக்காலத்தில் உலக மாநாட்டு மேடையைக் காணாமலே முதியோராயினர். கராசிமா செய்தது சரியா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. சரிதான் என்பதே என் கருத்து. ஆனால் அதை எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் மாநாடு கூடிய நகர் கோலாலம்பூர். அடிகள் அகராதியை அச்சிட்டு அறிஞர் கையில் கொடுத்த அதே நகர். அவ்வாண்டு நவம்பரில் கராசிமா காலமானார்.