"புதியது" என்று எழுதாதீர்கள், ஆண்டை எழுதுங்கள்

 

போன கிழமை தரம் 11 பிள்ளை ஒருவர் ஒப்படை கொண்டுவந்தார். "வைஃபையைப் பாதுகாக்கச் சிறந்த முறை வெப்" என்று அதில் இருந்தது. பிள்ளையில் பிழையில்லை. பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து யாரோ இணையத்தில் எழுதி வைத்த தமிழ்ப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. நாங்கள் திருத்திக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பக்கத்தை யார் திருத்துவது?

வைஃபையின் வரலாறு நீண்டதல்ல. 1997இல் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு 802.11 என்ற முதல் தரநிலையை வெளியிட்டது. வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 ஆனது, 2003இல் 54 ஆனது. ஒவ்வொன்றும் வந்த நாளில் "புதியது"தான்.

பூட்டும் அப்படியே மாறியது. முதல் தரநிலையோடு வந்த வெப் பூட்டை உடைக்கலாம் என்று 2001இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2, 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3 என்று அடுத்தடுத்து வந்தன. ஆக, அந்த ஒப்படையில் இருந்தது 2001க்கு முந்திய உண்மை.

பெயரிலும் குழப்பம் உண்டு. வைஃபை 4, 5, 6 என்ற எளிய பெயர்கள் 2018 ஒக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டன. அதற்கு முன் எழுதிய பக்கங்களில் அந்தப் பெயர்களே இருக்காது. வைஃபை 6க்குரிய தரநிலை 2021இல்தான் முடிந்தது. 2024 ஜனவரியில் வைஃபை 7க்கான சான்றிதழ் தொடங்கிவிட்டது.

எங்கள் மலைநாட்டிலும் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோ உதவியோடு, கம்பியில்லா இணைப்பு ஒன்றில் இணையத்தைப் பெற்றது. வேகம் வெறும் 64 கிலோபிட். நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்கள் அந்த நேரமே தேடிப் பார்த்து, உள்ளூர் மொழியில் விளக்கினார்கள். வானொலியில் சொன்னது காற்றோடு போய்விடும். பக்கத்தில் எழுதியதோ இருபது வருடம் கழிந்தும் இன்றைய செய்தி போலவே நிற்கும்.

பழைய நேரசூசியை நம்பித் தெமோதரை ஸ்டேசனுக்குப் போனவருக்குக் கோச்சி கிடைக்காது. நேரசூசியே இல்லாவிட்டால் நாலு பேரிடம் கேட்டாவது போயிருப்பார்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை வளர்த்த முன்னோடி இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். அங்கே திருத்துவதற்குப் பட்டம் தேவையில்லை, போன் போதும். எழுதுபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: "தற்போது", "மிகப் புதிய" என்று எழுதாதீர்கள். "2024 ஜனவரி நிலவரப்படி" என்று எழுதுங்கள். வாசிக்கும் பிள்ளை தானே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் உம்மாவோடு, அம்மாவோடு பிள்ளைகள் பேசுவது இந்த வைஃபையில்தான். இன்றிரவு உங்கள் ரவுட்டர் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். வெப் என்று இருந்தால் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3க்கு மாற்றுங்கள். தெரியாவிட்டால் பாடசாலை விட்ட பிறகு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.